நிக்குது

கொள்ளிடத்தில் தண்ணீர் இறங்கி ஆறு நாள் ஆகியிருந்தது. படுகையில் மட்டும் அது இறங்குகிற வழியாக இல்லை. திருவானைக்காவலுக்குக் கிழக்கே கரை மேட்டில் ஏறிப் பார்த்தால், வாழைத் தோட்டங்களெல்லாம் முழங்கால் ஆழச் செந்தண்ணீரில் பச்சைப் பசேலென்று நின்றன. காற்று அசையவில்லை. தண்ணீருக்குள் தலைகீழாக இன்னொரு தோட்டம் தெரிந்தது.

பானுப்ரியா செல்போனை வெயிலுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டு பதினான்காவது கேள்விக்கு வந்திருந்தாள். காலையிலிருந்து அது இருபத்தொன்றாவது குடும்பம். இன்னும் ஒன்பது பாக்கி. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்ததில் கணுக்காலில் சேறு காய்ந்து தோலை இழுத்தது. அந்த நேரம் பார்த்து அம்மா போனில் கூப்பிட்டாள்.

“பானு, எண்ணெ நெறஞ்சிருக்குடி. வரும்போது ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்துரு.”

“சரிம்மா, வாங்கிட்டு வரேன். வேலையில இருக்கேன், வெச்சிடு.”

எதிரே வரப்பில் நின்ற பெண்ணின் பெயர் பொன்னுத்தாய், வயது நாற்பத்தெட்டு, கணவர் மருதை, ஒரு ஏக்கர், குத்தகை, பூவன் வாழை. இவ்வளவும் சற்றுமுன் பானு பதிந்துகொண்டவை.

“மரமெல்லாம் எப்படி இருக்குக்கா?”

பொன்னுத்தாய் தோட்டத்தைப் பார்த்தாள். பதில் சொல்ல ஏதோ ஒரு மரத்திடம் அனுமதி கேட்பவள் போலப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“நிக்குது.”

“எல்லாமேவா?”

“நிக்குதும்மா.”

செல்போனில் மூன்று கட்டங்கள் இருந்தன. நிற்கிறது, சாய்ந்தது, அடித்துச் செல்லப்பட்டது. பானு முதல் கட்டத்தைத் தொட்டாள். தொட்டதும் பதினைந்திலிருந்து இருபத்தைந்து வரையிலான கேள்விகள் காணாமல் போய், நேராக இருபத்தாறு வந்து நின்றது. ‘வீட்டில் கழிப்பறை உள்ளதா?’ பதினொரு கேள்வி கேட்கிற வேலை மிச்சம். மனசுக்குள் சின்னதாக ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை அவள் பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்து வெட்கப்பட்டாள்.

கடைசியாக ஒரு படம் எடுக்க வேண்டும். “கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா. இங்க பாருங்க.” பொன்னுத்தாய் தலையைக் கோதிக்கொண்டு நேராக நின்றாள். படம் அழகாக விழுந்திருந்தது.

பானுப்ரியாவின் வீடு ஸ்ரீரங்கத்தில் ரயிலடிக்குப் பின்புறம். இரண்டு அறை, வாடகை. அப்பா காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டியில் தார் சுமப்பவர். அம்மா புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். பானு எம்.ஏ. பொருளாதாரம். கல்லூரியில் சேர்ந்தபோது முதல் பட்டதாரி சான்றிதழ் என்று ஒன்று வாங்க நாலு நாள் அலைந்தார்கள். வீட்டில் இதற்கு முன் யாரும் படித்ததில்லை என்பதற்கு அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுக்கிற அத்தாட்சி. அப்பா அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று அவளுக்கு விளங்கியதில்லை. கேட்கவும் துணிந்ததில்லை.

முடித்து ஒரு வருஷம் ஆகியும் வேலை அமையவில்லை. ஆடி வெள்ளம் வந்தபோது, சேதக் கணக்கெடுப்பை எடுத்துச் செய்த ஒரு தனியார் நிறுவனம் பன்னிரண்டு நாளைக்கு ஆள் கேட்டது. எம்.ஏ.வில் அவள் எழுதிய ஆய்வறிக்கையே வெள்ளச் சேதத்தின் சமூக, பொருளாதார மதிப்பீடு பற்றித்தான். எண்பது பக்கம். அதில் ஒரு பக்கம்கூட ஈரமான காலோடு எழுதியதில்லை என்பது படுகையில் இறங்கிய முதல் நாளே தெரிந்துபோயிற்று.

பயிற்சியின்போது மேற்பார்வையாளர் ரஞ்சித் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். “கேள்வியைக் கேளுங்க, கதையைக் கேக்காதீங்க. கதை கேக்க உக்காந்தா ஒரு நாளைக்கு நாலு வீடு தாண்ட மாட்டீங்க.”

சிரித்தார்கள். பானுவும் சிரித்தாள்.

அவள் கொண்டுபோன படிவத்தில் அப்பாவுக்கு இடமில்லை. வெள்ளத்துக்குப் பிறகு மண்டிக்குத் தார் வரத்து பாதியாகி, அப்பா பாதி நாள் சும்மா உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார். மார்க்கெட்டில் தண்ணீர் வரவில்லை, அதனால் அவர் பாதிக்கப்பட்டவர் இல்லை. ஆய்வறிக்கையில் இதற்கு மறைமுகச் சேதம் என்று ஒரு தலைப்பே கொடுத்திருந்தாள். தலைப்பு இருந்தது, கட்டம் இல்லை. அது தன் வேலை இல்லையென்று விட்டுவிட்டாள்.

பதினெட்டு நாள் கழித்து, வேலை முடிந்து அடுத்த வேலைக்காகக் காத்திருந்த ஒரு காலை, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“செல்லுல எழுதிட்டுப் போன பாப்பாதானே? படுகையில? நான் பொன்னுத்தாய் பேசுறேன்.”

“சொல்லுங்கக்கா.”

“நிவாரண லிஸ்ட்டு ஒட்டியிருக்காங்களாம். நம்ம பேரு விட்டுப்போச்சாம். கீழ வரப்புக்காரன் பேரு இருக்கு, மேல வரப்புக்காரன் பேரு இருக்கு. நடுவுல நம்மது மட்டும் இல்ல. அவங்க தோட்டத்துல வந்த தண்ணி வேற, நம்ம தோட்டத்துல வந்த தண்ணி வேறயா பாப்பா? நீ மறந்துட்டியா?”

மறக்கவில்லை. எழுதியதுதான் வினை. ‘நிற்கிறது’ என்ற சொல் செல்போன் திரையோடு கண்முன் வந்து நின்றது. “வரேன்கா” என்று மட்டும் சொன்னாள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கல்லணை போகிற பஸ். இறங்கிக் கரை ஏறியதும் நாற்றம்தான் முதலில் வந்தது. புளித்த கஞ்சியும் செத்த எலியும் சேர்ந்த மாதிரி. தண்ணீர் வடிந்துவிட்டிருந்தது. பொன்னுத்தாயின் தோட்டத்தில் பாதிக்கு மேல் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடந்தன. மீதி நின்றன. நிற்பவை இன்னும் பச்சையாகவே இருந்தன.

பொன்னுத்தாய் ஒரு மரத்தின் பக்கத்தில் போய் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். தள்ளவில்லை, சும்மா சாய்ந்தாள். ஆள் உயரத்துக்கு மேல் இருந்த மரம் சத்தமே இல்லாமல் படுத்துக்கொண்டது. அடியில் கிழங்கு இருந்த இடத்தில் கறுப்பாகக் கூழ்.

“இன்னும் ஒன்றரை மாசத்துல குலை தள்ளியிருக்கும்” என்றாள்.

பானுவிடமிருந்து முதலில் வெளியே வந்தது மன்னிப்பு இல்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற பேச்சு.

“அன்னைக்கு நீங்கதானேக்கா நிக்குதுன்னு சொன்னீங்க?”

“ஆமா. நின்னுச்சு, சொன்னேன்.”

“உள்ள அழுகிடும்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“தண்ணி நாலு நாளைக்கு மேல நின்னா கெழங்கு வெந்துரும்னு பால் குடிக்கிற புள்ளைக்குக்கூடத் தெரியும்.”

“அப்புறம் ஏன்கா சொல்லல?”

பொன்னுத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான்.

“என்ன பேச்சுப் பேசுறே? நிக்கிற வெள்ளாமைக்கு எதுத்தாப்புல நின்னுக்கிட்டு, செத்துப்போச்சுன்னு வாய் கூசாமச் சொல்லுவாங்களா? புள்ளைக்குக் காய்ச்சல் அடிச்சா டாக்டர்கிட்டப் போயி புள்ள செத்துருமுன்னா சொல்லுவோம்? நிக்குதுன்னு சொன்னா புரிஞ்சுக்கணும். தண்ணியில நிக்குது. கண்ணால பாத்துக்கிட்டுத்தானே இருந்தே? அதுக்கு மேல ஒரு பொம்பள என்னத்தைச் சொல்ல?”

பானுவுக்கு அன்றைய தொலைபேசிப் பேச்சு நினைவு வந்தது. எண்ணெ நெறஞ்சிருக்குடி. அவள் வீட்டில் எண்ணெய் தீர்ந்ததில்லை, அரிசி தீர்ந்ததில்லை, உப்பு தீர்ந்ததில்லை. எல்லாம் ‘நெறஞ்சிருக்கும்’. ஏழு வயதில் அம்மா அவளைக் கடைக்கு அனுப்பும்போது, “அரிசி நெறஞ்சிருக்குன்னு அப்பாகிட்டச் சொல்லிக் காசு வாங்கிட்டுப் போ” என்பாள். பானு ஒரு நாளும் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டதில்லை. அப்பாவும் இல்லை, கடைக்காரரும் இல்லை. இல்லை என்ற சொல்லைச் சொன்னால் அது வீட்டில் வந்து குடியேறிவிடும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. ஏழு வயதில் புரிந்தது எம்.ஏ. முடித்தபின் புரியாமல் போயிற்று. அதுவும், அம்மா அப்படிச் சொல்லிச் செல்போனை வைத்து ஒரு நிமிஷத்துக்குள்.

“தப்பு என்னோடதுதான்கா” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“தப்பு யாரோடதா வேணும்னாலும் இருக்கட்டும். பேரு ஏறணும் பாப்பா. ஆவணி பத்துக்குள்ள ஏறணும்.”

ஏன் பத்துக்குள் என்பதைப் பொன்னுத்தாய் சொல்லத் தொடங்கியது மடை மேட்டில் உட்கார்ந்து. இந்தத் தடவை பானு செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டாள்.

பொன்னுத்தாய்க்குப் பிறந்த ஊர் தொட்டியம் பக்கம். அப்பன் வாழை வெட்டுகிற கூலி. மருதையைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள், பன்னிரண்டு வருஷம் ஊரான் தோட்டங்களில் சருகு கழித்தாள், கன்று அறுத்தாள், தார் சுமந்தாள். ஒரு பிரசவத்துக்கு மூன்று நாள் முன்னால்கூடச் சுமந்திருக்கிறாள். அந்தக் காலத்தில் அவளைக் கூப்பிடுகிறவர்கள் “ஏய் பொன்னு” என்பார்கள். சிலர் பேர்கூடச் சொல்லாமல் “ஏய், நீயும் வா” என்பார்கள். ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் குடியிருந்த நிலக்காரர், பழைய குத்தகைக்காரர் காலமானபோது, மருதையின் கை சுத்தத்தைப் பார்த்து இந்த ஒரு ஏக்கரை அவர்களிடம் விட்டார். பத்திரம் கிடையாது. வாய்ப்பேச்சுதான்.

“மொத வருஷம் தார் வெட்டுறதுக்கு முந்தின நாளு ஏவாரி வந்தாரு. ‘பொன்னுத்தாய், உங்க தோட்டத்துல நாளைக்கு வெட்டிக்கலாமா’ன்னாரு. உங்க தோட்டம்! நான் ஆருக்கோ சொல்றாருன்னு பின்னாடி திரும்பிப் பாத்தேன்.” சிரித்தாள். சிரிப்பு முடியும் முன்பே முகம் மாறிவிட்டது. “பதினேழு வருஷம் ஆச்சு. இன்னமும் ஆராவது உங்க தோட்டம்னா ஒரு தடவ திரும்பிப் பாக்கத்தான் தோணுது.”

நிலக்காரப் பெரியவர் போய், இப்போது அவர் மகன். கெட்டவர் இல்லை. வெள்ளம் என்றதும் போன் போட்டு விசாரித்தவர்தான். ஆனால் இந்த வருஷம் குத்தகை கொடுக்க வழியில்லை என்று மருதை சொன்னபோது அவர் ஒரு கணக்குச் சொன்னார். ‘லிஸ்ட்ல பேர் வரட்டும். வந்தா நஷ்டம்னு நானும் ஒத்துக்கறேன். குத்தகையும் வேண்டாம், அடுத்த நடவையும் நீங்களே பண்ணுங்கோ. கவர்ன்மெண்டே சேதம் இல்லேங்கறப்போ நான் எப்படி நம்பறது, சொல்லுங்கோ? ஆவணி பத்துவரைக்கும் பாக்கறேன்.’ நிலம் கேட்டு இன்னொரு ஆள் ஏற்கெனவே அவர் வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தான்.

“நெலம் போனா மறுபடியும் ‘ஏய், நீயும் வா’தான்” என்றாள் பொன்னுத்தாய். “இருவது வயசுல அதைக் கேக்குறது வேற. இப்ப காது தாங்காது பாப்பா.”

அன்றைக்கு ஆவணி மூன்று.

ரஞ்சித்தின் அலுவலகம் தில்லை நகரில் ஒரு மாடியில். குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. பானு நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவர் கணினியில் எதையோ தேடி, திரையை அவள் பக்கம் திருப்பினார். படம். தேதி, நேரம், இடம் எல்லாம் ஓரத்தில். தண்ணீருக்கு மேல் ஒரு பச்சைத் தோட்டம், கீழே அதே தோட்டம் தலைகீழாக. நடுவில் தலை கோதி நிற்கிற பொன்னுத்தாய்.

“இது யார் எடுத்தது?”

“நான்தான் சார்.”

“இதைப் பாத்தா உனக்குச் சேதம் மாதிரி இருக்கா? நான் மேல என்னன்னு சொல்றது? டூரிஸம் போஸ்டர் மாதிரி இருக்கும்மா.”

“அது உள்ள அழுகிக்கிட்டு இருந்திருக்கு சார். நான்தான் தப்பாப் போட்டுட்டேன். அவங்க நிக்குதுன்னு சொன்னது வேற அர்த்தத்துல.”

“நிக்குதுன்னா நிக்குது. அதுக்கு எத்தனை அர்த்தம்மா இருக்கு? தமிழ் எம்.ஏ.வா நீ?”

“பொருளாதாரம் சார்.”

“அதானே பாத்தேன்.”

அவரும் கெட்டவர் இல்லை. அதுதான் பானுவுக்குத் தாங்கவில்லை. இந்த விஷயத்தில் யாராவது ஒரு கெட்டவர் இருந்தால் அவரைத் திட்டிவிட்டாவது வீட்டுக்குப் போகலாம். தேடிப் பார்த்தால் கடைசியில் அவள் விரல்தான் வந்து நிற்கிறது.

ரஞ்சித் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பூட்டிய பதிவைத் திறக்கத் தலைமை அலுவலகம் அனுமதிக்க வேண்டும். கணக்கெடுத்தவரே தவறு தன்னுடையது என்று கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் நேரில் வந்து சாட்சி நிற்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் தன் வாயாலேயே சேதத்தைச் சொல்லி அது குரலாகப் பதிவாக வேண்டும்.

“எழுதிக் குடுத்துட்டா அடுத்த ப்ராஜெக்ட்டுக்கு உன் பேரை நான் அனுப்ப முடியாது. தெரியும்ல?”

தெரியவில்லை. அடுத்தது ஆறு மாத வேலை. அப்பாவிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று. ஒரு நிமிஷத்துக்கு, ஒரு ஏக்கர்தானே, ஒரு குடும்பம்தானே, நான் மட்டுமா தப்புப் போட்டிருப்பேன் என்றெல்லாம் மனசு பேசிப் பார்த்தது. அப்படிப் பேசுவது தான்தான் என்பதும் தெரிந்தது. பேனா கேட்டாள்.

கடிதம் கொடுத்தது ஆவணி நான்கு. ஐந்து, ஆறு என்று நாள் போயிற்று. ‘திங்கக்கிழமை கேக்குறேன்’ என்றார் ரஞ்சித். திங்கட்கிழமை அங்கே யாரோ விடுப்பு. பொன்னுத்தாய் தினமும் இரண்டு முறை கூப்பிட்டாள். “பாப்பா?” என்பாள். “இன்னும் வரலக்கா” என்பாள் பானு. அவ்வளவுதான் பேச்சு. கடைசியில் பதிவு திறக்கப்படும் என்று சொன்ன நாள் ஆவணி பத்து. காலை பதினொன்றிலிருந்து ஒரு மணிவரை.

அன்றைக்குக் கிராம நிர்வாக அலுவலர் ஸ்டீபன்ராஜ் பைக்கைக் கரைமேல் நிறுத்திவிட்டுப் பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கி வந்தார். வரும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“ஏம்மா, மரம் நிக்குதுன்னு எழுதிட்டு இப்ப மனுஷங்களை வெயில்ல நிக்க வெச்சிருக்கியே, நியாயமா? சரி சரி, முகத்தைத் தொங்கப்போடாதே. எனக்கு வராத தப்பா? நான் சர்வீஸ்ல சேர்ந்த புதுசுல உசுரோட இருக்கிற ஆளுக்கு இறப்புச் சான்று குடுத்தவன். அந்தாளு நேர்ல வந்து திட்டிட்டுப் போனாரு.”

பொன்னுத்தாய்கூடக் கொஞ்சம் சிரித்தாள். அவள் வெளுத்த புடவை கட்டி நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தாள். மருதை விடிந்ததும் ஸ்ரீரங்கம் போயிருந்தார், இன்றைக்குப் பேர் ஏறிவிடும் என்று நிலக்காரரிடம் சொல்ல.

பானு பதிவைத் திறந்தாள். ‘நிற்கிறது’ என்ற கட்டத்தில் அவள் போட்ட பச்சைக் குறி அப்படியே இருந்தது. அதை எடுத்து ‘சாய்ந்தது’ என்று மாற்றினாள். உடனே குரல் பதியச் சொன்னது.

“அக்கா, இப்ப நீங்க சொல்லணும். என்ன ஆச்சுன்னு.”

பொன்னுத்தாய் தொண்டையைச் செருமிக்கொண்டாள். “தண்ணி வந்துச்சுங்க. பத்து நாளைக்கு மேல நின்னுச்சு.”

“மரம் என்ன ஆச்சுன்னு சொல்லும்மா” என்றார் ஸ்டீபன்ராஜ்.

“பாத்தாத் தெரியலைங்களா?”

“எனக்குத் தெரியுது தாயி. அந்த மெஷினுக்குக் கண்ணு கெடையாதே, காது மட்டும்தானே இருக்கு.”

பொன்னுத்தாய் திரும்பித் தோட்டத்தைப் பார்த்தாள். ஈசானி மூலையில், மடை மேட்டை ஒட்டி, எட்டோ பத்தோ மரங்கள் மட்டும் இன்னும் சாயாமல் இருந்தன. அவற்றின் அடியில் பக்கக் கன்றுகள் முழ உயரத்துக்கு வந்திருந்தன. அவள் வாய் திறந்தது, மூடிக்கொண்டது. பானுவின் கையில் செல்போன் வெறும் காற்றுச் சத்தத்தைப் பதிந்துகொண்டிருந்தது.

“இங்க வேண்டாம்” என்றாள் பொன்னுத்தாய். “கரைக்கு வாங்க.”

மூவரும் கரை ஏறினார்கள். அவள் தோட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். குரலைத் தாழ்த்தினாள், பக்கத்து வீட்டில் தூங்குகிறவர்கள் காதில் விழக்கூடாது என்பதுபோல.

“அழிஞ்சு போச்சுங்க. ஒரு மரம் இல்ல. ஒண்ணும் இல்ல.”

சொன்னதும் தூக்குவாளியிலிருந்து தண்ணீர் எடுத்து வாயைக் கொப்பளித்தாள். இரண்டு தடவை. மூன்றாவது தடவையும் கொப்பளித்துத் துப்பினாள். ஸ்டீபன்ராஜ் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

அன்றைக்குத் தாவிப்போன பதினொரு கேள்விகளும் ஒவ்வொன்றாக வந்தன. எத்தனை மரம்? எத்தனை மாதப் பயிர்? காப்பீடு உண்டா? வீட்டில் எத்தனை பேர் இந்தப் பயிரை நம்பியிருக்கிறீர்கள்? பானு கேட்க, பொன்னுத்தாய் சொல்ல, விரல் ஓடிற்று. இருபத்துநான்காவது கேள்வியில் இருக்கும்போது மருதை கரைமேல் வருவது தெரிந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். மிதித்துக்கொண்டு வரவில்லை.

சைக்கிளை நிறுத்தாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

“என்ன சொன்னாரு?” என்றாள் பொன்னுத்தாய்.

“ஒண்ணும் சொல்லல.”

“ஒண்ணும் சொல்லாமயா இம்புட்டு நேரம் ஆச்சு?”

“உள்ள கூப்புட்டாங்க. சேர்ல உக்காரச் சொன்னாங்க.” மருதை சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “காப்பி குடுத்தாங்க.”

பொன்னுத்தாய் அப்படியே நின்றாள்.

பதினேழு வருஷமாக மருதை அந்த வீட்டு வாசலோடு பேசிவிட்டு வருகிறவர். பண்டிகைக்குத் தார் கொண்டுபோனாலும் நடையில் வைத்துவிட்டு வருகிறவர். குத்தகைக்காரனை யாரும் நாற்காலியில் உட்கார்த்திக் காப்பி கொடுப்பதில்லை. கணக்கு முடிந்துபோன மனிதனுக்குத்தான் கொடுப்பார்கள். யாரும் எதையும் வாயால் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. பானுவுக்கும் புரிந்தது. இந்தத் தடவை ஒரு நொடிகூடத் தாமதமாகாமல் புரிந்தது.

“சக்கரை போட்டுத்தானே குடுத்தாங்க?” என்றாள் பொன்னுத்தாய்.

“ம்.”

“நல்லது.”

“இன்னைக்குத்தானே பத்து?” என்றாள் பானு. “இன்னும் நேரம் இருக்கேக்கா. நான் பேசுறேன் அவர்கிட்ட. பேர் ஏறிடுச்சுன்னு சொல்றேன். வி.ஏ.ஓ. சாரும் சொல்லுவாரு, சார், நீங்க சொல்லுங்க சார்.”

ஸ்டீபன்ராஜ் பார்வையை ஆற்றுப்பக்கம் திருப்பிக்கொண்டார். “துணைப் பட்டியல்லதான்மா வரும். ஒரு மாசம் ஆகலாம், ரெண்டு மாசம் ஆகலாம். அதுவும் அடங்கல் கணக்குல பயிர் பண்றவர்னு நிலக்காரர் பேருதான் இருக்கு. நான் போராடிப் பாக்குறேன். நெலத்துக்கு நான் என்ன சொல்ல முடியும், சொல்லு.”

பொன்னுத்தாய் பானுவின் கையிலிருந்த செல்போனைச் சுட்டினாள்.

“முடிச்சிட்டியா பாப்பா?”

“இன்னும் ஒண்ணு இருக்குக்கா.”

“கேளு. பாதியில விடாதே.”

இருபத்தைந்தாவது கேள்வி. ‘பாதிப்புக்குப் பின் குடும்பத் தலைவியின் தற்போதைய தொழில்.’ கீழே நான்கு கட்டங்கள். சொந்த விவசாயம், குத்தகை விவசாயம், கூலி, மற்றவை. பானு கேள்வியைப் படிக்காமல் பொன்னுத்தாயின் முகத்தையே பார்த்தாள்.

“என்ன கேக்குது அது?”

“இப்ப என்ன தொழில் பண்றீங்கன்னு.”

பொன்னுத்தாய் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள், முதல் நாள் துடைத்ததைப் போலவே.

“வெள்ளாமை நெறஞ்சிருக்குன்னு போடு” என்றாள்.

சொல்லிவிட்டு அவள் நிற்கவில்லை. கரையிலிருந்து இறங்கி, முட்டுக் கொடுக்க வாங்கி மேட்டில் அடுக்கி வைத்திருந்த சவுக்குக் கம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மருதையிடம் நீட்ட ஆரம்பித்தாள். கம்பு அவர்களுடையது. அவர் வாங்கிச் சைக்கிளில் வைத்துக் கட்டினார்.

பானுப்ரியாவின் விரல் இரண்டாவது கட்டத்தின்மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மூன்றாவதைத் தொட்டாள்.

இருபத்தாறாவது கேள்வி வந்தது. வீட்டில் கழிப்பறை உள்ளதா?